பிடி அரிசிக்கு ரசீது இல்லை

எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அம்மா அதில் போடுவாள். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. சனிக்கிழமை இரவு பாட்டிலைக் கவிழ்த்து ஒரு துணிப்பையில் கட்டி வைப்பாள். ஞாயிறு காலை அந்தப் பை எங்களோடு ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் எல்லா வீட்டு அரிசியையும் ஒரு சாக்கில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்துவிடும். அதைக் கடை விலைக்குக் குறைவாகப் படி போட்டு விற்பார்கள். காசு ஊழியத்துக்கு.

அப்பா வேலை பார்த்த திருவொற்றியூர்த் தொழிற்சாலை கதவடைத்த மாதங்களில் அம்மா வீட்டு வாசலில் இட்லி போட்டு விற்றாள். அந்த மாதங்களிலும் பாட்டில் காலியாக இருந்ததில்லை. சில ஞாயிறுகளில் அந்தச் சாக்கிலிருந்து இரண்டு படி அரிசியை அம்மாவே விலை கொடுத்து வாங்கி வருவாள். தான் கொடுத்த அரிசியைத் தானே வாங்குவது அவளுக்கு விநோதமாகப் படவில்லை. எனக்கும் அப்போது படவில்லை.

அப்பா இறந்தபோது நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தேன். அடக்கத்துக்கு இடம் கேட்டு அம்மாவும் நானும் சபை அலுவலகத்துக்குப் போனோம். கணக்கு எழுதுபவர் பெரிய பதிவேட்டைத் திறந்து அப்பா பெயருக்கு நேராக விரலை வைத்தார்.

“பதினோரு மாசம் சந்தா பாக்கி இருக்குதுக்கா. கட்டிட்டீங்கன்னா ஆயர்கிட்ட கையெழுத்து வாங்கிடலாம்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள். “தம்பி, நா கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பிடி அரிசி குடுக்கறேன். அத எதுல எழுதி வெச்சிருக்கீங்க?”

“அது காணிக்கைக்கா. அதுக்கெல்லாம் கணக்கு கெடையாது. ஆண்டவருக்குத் தெரியும்.”

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். சபையின் நடைமுறையைத்தான் சொன்னார். அந்த நடைமுறையில் அப்பாவின் பணம் பதிவேட்டில் இருந்தது. அம்மாவின் அரிசி ஆண்டவரின் நினைவில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பது பதிவேடு. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: சபைக்குக் கொடுங்கள் என்று ஆணிடமும் பெண்ணிடமும் கேட்கும் மொழி ஒன்றுதானா?

*

கேட்கும் மொழியிலிருந்தே தொடங்கலாம். தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் பணம் கேட்கப் பயன்படுத்தும் சொற்கள் நாலைந்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

காணிக்கை, காண் என்ற வினையடியில் பிறந்த சொல். பெரியவரைக் காணப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோய் வைப்பது. இங்கே காண்பது கொடுப்பவர் வேலை. கொடுத்தவரைத் திரும்ப யாரும் காண வேண்டும் என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லை.

சந்தா வடக்கேயிருந்து வந்த சொல். சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்கான கட்டணம். அதற்குத் தொகை உண்டு, தேதி உண்டு, ரசீது உண்டு, பாக்கி உண்டு. சந்தா கட்டியவர் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் இருப்பவர் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடுவார்.

உக்கிராணத்துவம் ஆண்டுக்கொருமுறை எங்கள் சபையில் தனி ஞாயிறு வைத்துப் பிரசங்கிக்கும் சொல். நம்மிடம் இருப்பது எதுவும் நம்முடையதல்ல, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள நமக்குத் தரப்பட்டது, ஆகவே கொடுங்கள் என்பது அதன் சாரம். தமிழ் வேதாகமத்தில் லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் வரும் அந்த அநீதியுள்ள மனிதன் உக்கிராணக்காரன். உக்கிராணம் என்றால் பண்டசாலை, மளிகையும் தானியமும் வைக்கும் அறை. கல்யாண வீடுகளில் சாமான் வைக்கும் அறையை இப்போதும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தச் சொல் உண்டு.

தமிழ் வீடுகளில் உக்கிராணத்தை ஆண்டு வந்தது யார்? மாதக் கடைசியில் எத்தனை படி மிச்சம், யாருக்கு எவ்வளவு கடன், எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லக்கூடியவர் யார்? ஆனால் சொல் ‘உக்கிராணக்காரன்’ என்று ஆண்பாலில் நின்றுவிட்டது. ‘உக்கிராணக்காரி’ என்று ஒரு பிரசங்கியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொறுப்பைக் குறிக்கும் ஒரு சொல்லை அடுப்படியிலிருந்து எடுத்து ஆணுக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசியாக ஊழியம். இந்தக் காசெல்லாம் போய்ச் சேரும் இடம். இன்று அது புனிதமான சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அதே சொல், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் அரசும் மேல்சாதியினரும் கூலி தராமல் வாங்கிய கட்டாய வேலையைக் குறித்தது. கிறிஸ்தவர்களான மக்கள் அந்த ஊழியத்திலிருந்து விடுபடப் போராடினார்கள். கூலியில்லா வேலை என்ற பழைய பொருள் செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின இரவு ஆலய வளாகத்தில் வெங்காயம் உரிக்கும் பெண்களைப் போய்ப் பார்த்தால் அது செத்ததா இல்லையா என்று தெரியும்.

இந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பிரிவினை தெரிகிறது. சந்தா குடும்பத் தலைவர் பெயரில் ஏறுகிறது. காணிக்கையும் ஊழியமும் பெண்களிடம் வருகின்றன. ஒன்று கணக்கின் மொழி, இன்னொன்று அன்பின் மொழி. கணக்கின் மொழியில் கேட்கப்பட்டவர் திருப்பிக் கணக்குக் கேட்கலாம். அன்பின் மொழியில் கேட்கப்பட்டவள் திருப்பிக் கேட்டால் அவளுடைய அன்பே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

*

இது சபை கண்டுபிடித்த வழக்கம் என்று சொல்ல மாட்டேன். கொடைக்குப் பேர்போன நம் இலக்கியத்திலும் இதன் வேர் இருக்கிறது.

புறநானூற்றின் 163ஆம் பாடலை முதுகலை மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் பெற்று வந்து மனைவியிடம் பேசும் பாட்டு. உன்னை விரும்பியவர், நீ விரும்பியவர், பசித்த காலத்தில் கடன் கொடுத்தவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடு, என்னையும் கேட்க வேண்டாம், சேமித்து வைத்து வாழலாம் என்றும் எண்ண வேண்டாம் என்கிறார். வறுமையில் இருந்த வீட்டிலிருந்து எழும் அந்தக் குரல் எப்போதும் என்னை அசைக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், கடன் வாங்கி இத்தன நாள் குடும்பத்த ஓட்டுனது அந்தம்மாதானே? அவங்க பேரு எங்க?”

பாட்டில் குமணன் பெயர் இருக்கிறது, அவனுடைய முதிர மலையின் பெயர் இருக்கிறது. பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். அவளை மனைக்கு உரியவள் என்று மரியாதையாகத்தான் விளிக்கிறார், பெயர் இல்லை. கொடுக்கும் கை அவளுடையது. கொடுக்கலாம் என்ற அனுமதி கணவனுடையது. கொடைப் புகழ் அரசனுடையது.

காரைக்காலம்மையார் கதையில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் புனிதவதி பசித்து வந்த சிவனடியாருக்குப் படைக்கிறாள். கணவன் வந்து சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்கிறான். அந்த நொடியில் அவள் படும் பதற்றத்தைப் பக்தியின் சோதனையாகவே படித்து வந்திருக்கிறோம். எனக்கு அது வேறொன்றாகவும் தெரிகிறது. வீட்டில் இருக்கும் ஒரு பழத்தைக் கொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்ற கேள்வி அது. உண்டு என்று அவள் சொல்ல முடிவதில்லை. தெய்வம் இன்னொரு பழம் தந்து அவளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அப்படிப் பழம் வருவதில்லை. அதனால்தான் பெண்கள் யார் கண்ணிலும் படாத அளவில் கொடுக்கப் பழகினார்கள். ஒரு பிடி அரிசி குறைந்தது எந்தக் கணவனுக்கும் தெரியாது.

*

பிடி அரிசியின் பலம் அதில்தான் இருந்தது. அந்தப் பலத்தைச் சபைகள் சரியாகவே கண்டுகொண்டன.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். இரண்டிலும் முன்னின்றவர் வே. ச. அசரியா. 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியவர். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கங்களின் கொள்கை. சுதேசி இயக்கத்தின் காலம் அது. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்கும் சபை வெளிநாட்டு அதிகாரத்துக்கும் கட்டுப்பட்டே இருக்கும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். பணம் யாருடையதோ, நிர்வாகமும் அவருடையதாக இருக்க வேண்டும். சரியான வாதம். இன்றைக்கும் சரியான வாதம்.

அந்த வாதத்தை ஏன் அடுப்படி வரை கொண்டு போகவில்லை என்பதே என் கேள்வி. இந்தியச் சபைகள் சொந்தக் காலில் நின்றபோது அந்தக் காலுக்குக் கீழே பெண்களின் பிடி அரிசியும் இருந்தது. பணம் இந்தியருடையது என்றால் நிர்வாகம் இந்தியருக்கு. அரிசி பெண்களுடையது என்றால்?

மிசோரமில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாக நிற்கிறது. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ஐ ஒட்டி ‘பூஃபாய் தாம்’ என்ற பிடி அரிசி வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி. அது அந்தச் சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த வழக்கம் நூற்றாண்டைத் தொட்டபோதும் அந்தச் சபை பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்திருக்கவில்லை. அரிசி பீடம் வரை போகலாம். அதைக் கொண்டுவந்த கை போகக் கூடாது.

இது ஒரு மதத்தின் கதை மட்டும் இல்லை. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி கோவில்களுக்காக வலியுறுத்தியதும் பிடி அரிசித் திட்டம்தான். மதம் மாறினாலும் பிடி பெண்ணின் பிடியாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் பெண்கள் ஒரு படி மேலே போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் சில்லறைக் காசுகளைச் சேர்த்துத் தங்களுக்கென்றே மிஷன் வாரியங்களை நடத்தினார்கள். யாரை அனுப்புவது, எங்கே பள்ளி கட்டுவது என்று அவர்களே தீர்மானித்தார்கள். நம் சென்னையின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல் தொடங்கப்பட்டது. அதற்கும் ஆசியாவின் வேறு பெண்கள் கல்லூரிகளுக்குமாகச் சேர்த்து 1920களின் தொடக்கத்தில் அங்கே பெண்கள் திரட்டிய நிதி பல லட்சம் டாலர். அதே காலத்தில், 1923இல், அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை பெண்களின் வாரியங்களைப் பொது வாரியங்களோடு இணைத்துவிட்டது. அந்தத் தீர்மானத்தில் ஓட்டுப் போடும் உரிமை பெண்களுக்கு இல்லை. சபையில் பெண்களுக்கு ஏன் இந்த அமைதியின்மை என்று சபையே கேட்க வேண்டி வந்தது. கேத்தரின் பென்னெட், மார்கரெட் ஹாட்ஜ் என்ற இருவர் 1927இல் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். 1930இல் பெண்கள் மூப்பர்களாகலாம் என்று அந்தச் சபை ஒப்புக்கொண்டது. கணக்குக் கேட்டதால் சபை உடைந்துவிடவில்லை.

*

வடசென்னைக்குத் திரும்புகிறேன். ராயபுரம் என்ற பெயரே ஒரு காணிக்கையின் பெயர்தான் என்பார்கள். இராயப்பர் என்பது கத்தோலிக்கத் தமிழில் புனித பேதுருவின் பெயர். அவர் பெயரில் ராயபுரத்தில் நிற்கும் ஆலயம் 1820களில் எழுந்தது. துறைமுகம் வராத காலம். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தவர்கள், குருகுல வம்ச வருணகுல முதலியார் என்று தம்மை அழைத்துக்கொண்ட படகுக்காரச் சமூகத்தார். அவர்களுடைய கூலியிலிருந்து பிடித்துச் சேர்த்த படகு நிதியில்தான் அந்த ஆலயம் கட்டப்பட்டது. இது எங்கள் காசு என்று சொல்லும் உரிமை அந்த நிதியிலிருந்து வந்தது.

உழைக்கும் மக்கள் தங்கள் கூலியில் ஓர் ஆலயம் கட்டி, அது தங்களுடையது என்று சொல்வது பெரிய விஷயம். வடசென்னைக்காரியாக எனக்கு அதில் பெருமை உண்டு. அந்த நிதியில் உரிமை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கூலி படகோட்டியின் பெயரில் வந்தது, பிடித்தமும் அவன் பெயரில் போனது, நிதி படகோட்டிகளின் நிதியானது. பிடித்தம் போக மீதி வந்த கூலியில் உலை வைத்தவளும் அந்த ஆலயத்தைக் கட்டியவள்தான். அவளுக்குக் கூலியும் இல்லை, பிடித்தமும் இல்லை. அதனால் நிதியில் பெயரும் இல்லை. கூலி இல்லாத உழைப்புக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் உரிமை பிறப்பதில்லை.

இருநூறு ஆண்டு கழித்தும் இந்தக் கரையில் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. வலைகளும் படகுகளும் கறுத்தன. மீன் வாங்க ஆள் இல்லை. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த நாட்களில் எங்கள் சபையும் நிவாரணம் கொடுத்தது. மூட்டைகளை வாங்கியவர்களின் பெயர்கள் ஆராதனையில் வாசிக்கப்பட்டன, கைதட்டினோம். மூன்று நாள் அண்டாவில் சோறு பொங்கியவர்களைப் ‘பெண்கள் ஐக்கிய சகோதரிகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் மீன் விற்கிறவர்கள். அந்த மாதம் அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரிந்தது சந்தேகம்.

*

சபைக்குக் கொடுக்கச் சொல்லும் பிரசங்கங்களில் அதிகம் வருபவள் ஒரு பெண். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தின் ஏழை விதவை. ஐசுவரியவான்கள் மிகுதியாகப் போடுகிறார்கள், அவள் இரண்டு காசு போடுகிறாள். தன் வாழ்வுக்கு இருந்ததையெல்லாம் போட்டுவிட்டாள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். அவளைப் போல நாமும் கொடுப்போம் என்று பிரசங்கம் முடியும். காணிக்கைப் பை சுற்றி வரும்.

இலக்கியம் படித்தவளாக ஒன்று கேட்கிறேன். ஒரு பாடலைப் படிக்கும்போது முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோமா? விதவை வருவதற்குச் சற்று முன், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு முதல் இருக்கை தேடும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அவர்கள் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை தன்னிடம் மிச்சமிருந்ததையும் போடுகிறாள். அதற்கடுத்து, அந்த ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து வியக்கும் சீடனிடம் இதெல்லாம் இடிந்து விழும் என்கிறார். அவளைப் போலச் செய்யுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 1982இல் அடிசன் ரைட் என்ற வேத அறிஞர் எழுதிய ஒரு கட்டுரை இதையே கேட்டது: இது பாராட்டா, புலம்பலா?

நான் அதைப் புலம்பலாகவே கேட்கிறேன். அந்த எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிகள் பெண்கள் முற்றத்தில் இருந்தன என்று மரபாகச் சொல்வார்கள். பெண்கள் அதுவரைதான் வரலாம், அதற்கு அப்பால் போகக் கூடாது. பெட்டியை அவள் கை எட்டும் இடத்தில் வைத்தார்கள். அந்தப் பணத்தைப் பற்றிப் பேசும் இடம் அவள் கால் எட்டாத தூரத்தில் இருந்தது. விழுங்கப்பட்ட ஒரு பெண்ணை விழுங்கியவர்களின் பிரசங்கத்துக்கு உதாரணமாக்குவது வாசிப்பு ஆகாது, அது வசூல்.

இயேசுவைச் சுற்றியிருந்த வேறு பெண்களைப் பற்றிப் பிரசங்கம் குறைவு. லூக்கா எட்டாம் அதிகாரம் மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் என்று பெயர் சொல்லியே தொடங்குகிறது. அவர்கள் தங்கள் ஆஸ்தியால் அந்தக் குழுவைத் தாங்கினார்கள். யோவன்னாளின் கணவன் ஏரோதின் காரியங்களைப் பார்த்தவன். அங்கே உக்கிராணம் அவன் கையில், ஆனால் சுவிசேஷத்தில் கொடையாளியாக நிற்பது அவள். காணிக்கை ஞாயிறுக்கு ஒரு பெண் வேண்டுமென்றால் யோவன்னாளை அழைக்கலாம். அவளுக்குப் பெயர் இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, எங்கே கொடுப்பது என்று அவளே முடிவு செய்தாள். அதனால்தான் அவளை அழைப்பதில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

*

இந்தக் கட்டுரையின் சில பகுதிகளை ஒரு பெண்கள் கூட்டத்தில் பேசியபோது ஒரு மூத்த அம்மா எழுந்து சொன்னார்: “கண்ணு, வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு படிச்சிருக்கோம். ரசீது கேட்டுக் குடுத்தா அது காணிக்கையா?”

அவரை மதிக்கிறேன். பெயர் தெரியாமல் கொடுப்பதில் ஒரு விடுதலை உண்டு. அம்மாவின் பாட்டிலில் அது இருந்தது. அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவுகளில் அந்தப் பிடி ஒன்று. அதைக் கணக்காக்கிக் கெடுக்க நான் யார்?

ஆனால் அந்த வசனம் ஆலயத்தின் மின்விசிறிகளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு இறக்கையிலும் ஓர் உபயதாரர் சுற்றுகிறார். சுவரில் பளிங்குக் கல்லில் தங்க எழுத்தில் பெயர்கள். வலது கை கொடுத்ததை இடது கை அறியாதிருக்கும் புண்ணியத்தைப் பெண்களுக்கு மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? பெயரில்லாமல் கொடுப்பது அவள் தேர்வாக இருந்தால் அது தவம். அவளுக்கு வேறு வழியே இல்லையென்றால் அது வேறு.

இந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் வந்தது. 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று எங்கள் தெருவில் குழுவில் இல்லாத பெண் குறைவு. அதே பெண்கள் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து தீர்மானப் புத்தகம் எழுதுகிறார்கள், சேமிப்பையும் உள்கடனையும் கணக்கிடுகிறார்கள், வங்கி மேலாளரிடம் வாதாடுகிறார்கள். ஒரு ரூபாய் குறைந்தால் கூட்டம் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்ததும் அவர்களுக்குக் கணக்கு மறந்துவிடுமா? காணிக்கை எண்ணும் மேசையைச் சுற்றி ஏன் எப்போதும் பேன்ட் போட்ட முதுகுகளாகவே இருக்கின்றன?

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பலலிதா நந்தியாலின் பேராயரானார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 2006இல் பெண் குருக்களை ஏற்றது. பீடத்தின் கதவு மெல்லத் திறந்திருக்கிறது. பெட்டியின் சாவி வேறு கதை. 2024இல் தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்க வேண்டி வந்தது. சபைகளின் நிர்வாகம் நீதிமன்றப் படியேறும் காலத்தில், கொடுப்பவள் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவாகாது. சபை பிழைக்க வேண்டும் என்று நினைப்பவள்தான் கேட்பாள்.

சபைக்குக் கொடுங்கள் என்றே நானும் சொல்வேன். வடசென்னையில் முதியோருக்கு மருந்து, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வெள்ளம் வந்தால் சோறு என்று சபைகள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மின்கட்டணமும் ஆலயப் பணியாளர் சம்பளமும் வானத்திலிருந்து விழுவதில்லை. கொடுக்கும்போது நான்கு காரியம் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு பெயர் போதாது, உங்கள் பெயரிலும் சந்தா கட்டி ரசீது வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். எண்ணும் மேசையில் உட்காருங்கள். பெண்கள் ஐக்கியம் திரட்டும் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதைப் பெண்கள் ஐக்கியமே முடிவு செய்யட்டும். இப்போது பெஞ்சு முதுகில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். அதில் போடும் பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ அவர் பெயரில்தான் பதிவாகும். அந்தக் கணக்கு உங்களுடையதா என்பதையும் பாருங்கள்.

அப்பா போன பிறகு சந்தாவைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இட்லி விற்ற காசில் பதினோரு மாதப் பாக்கியைக் கட்டியவள் அம்மா. “எம் பேருல போடுங்க தம்பி” என்றாள். மாதம் ஐம்பது ரூபாய். முதல் ரசீது அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போட்டு வந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்து இன்னொருமுறை பார்த்தாள். பிறகு திருப்பி மேசை மேல் வைத்துவிட்டு, எழுதியவர் வேறு ரசீது கிழித்துத் தரும் வரை அங்கேயே நின்றாள்.

பாட்டிலை அவள் நிறுத்தவில்லை.